சரிபாதித் தாம்பாளம்! தலை தீபாவளிக் காலைக்கு ஒரு பலகாரப் பாடம்

"மாப்பிள்ளை வந்தாச்சு!" என்ற குரல் வாசலில் கேட்டதுமே அடுப்படியில் அம்மாவின் கை இரண்டு மடங்கு வேகமாகச் சுழல ஆரம்பித்துவிடும். தலை தீபாவளி என்றால் சும்மாவா? புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக வந்து உட்காரும் முதல் பண்டிகை. கங்கா ஸ்நானம், லேகியம், புதுத்துணி, பட்டாசு... அதற்குப் பிறகு வரும் காலைப் பலகாரம்தான் அன்றைய தினத்தின் உச்சக்கட்டம்.

மேல்நாடுகளில் பிப்ரவரி 14 காதலர் தினத்தன்று ஒரு மரப்பலகையில் ரொட்டி, பழம், முட்டை, இனிப்பு என்று அழகாகப் பரப்பி, வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து காலை உணவு சாப்பிடும் பழக்கம் பரவியிருக்கிறது. சிவப்பு நிறமும் இதய வடிவமும் அதில் கட்டாயம். 'அதெல்லாம் நமக்கு எதுக்குங்க?' என்கிறீர்களா? நம்மிடம் பித்தளைத் தாம்பாளம் இருக்கிறது. இதய வடிவத்துக்கு வெற்றிலை இருக்கிறது. காதலுக்கோ, உடம்பில் பாதியையே மனைவிக்குக் கொடுத்த சாமியின் கதை இருக்கிறது. அப்புறம் என்ன? இந்தத் தீபாவளிக்கு நாமும் ஒரு தாம்பாளம் அடுக்கிப் பார்த்துவிடலாம்!

தெள்ளார் பக்கத்துத் தீபாவளி

வந்தவாசியை அடுத்த தெள்ளார், சரித்திரத்தில் போரினால் பேர் பெற்ற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்கே பெற்ற வெற்றியால் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்றே அழைக்கப்பட்டான். நந்திக் கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவன் அவன்தான். இன்றைக்கு இந்தப் பக்கத்தின் அடையாளங்கள் வேறு. ஆரணிப் பட்டு, களம்பூர் அரிசி, வந்தவாசிக் கோரைப் பாய், மானாவாரியில் விளையும் மல்லாட்டை. அதாங்க, நிலக்கடலை!

திருவண்ணாமலை மாவட்டத்தில் தீபாவளி என்றாலே பல வீடுகளில் நோன்பும் கூடவே வரும். கேதார கௌரி விரதம். ஐப்பசி அமாவாசையன்று 21 அதிரசம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் எல்லாம் வைத்துப் படைத்து, 21 இழை நோன்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கௌரி தேவி 21 நாள் விரதம் இருந்து ஈசனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது இதற்குச் சொல்லப்படும் கதை. மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையிலும் கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏற்றும் வேளையில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருகிறார். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை!

பட்டுத் தறியிலும் இதே பாடம்தான். கோர்வை போட்டு நெய்யும் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இணைக்க ஒருவர் கை போதாது. மறுபக்கத்திலிருந்து நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அது மனைவியின் கை. நெசவு வீட்டில் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான்.

சாமி பாதி கொடுத்தார். தறியும் பாதி கேட்கிறது. ஆனால் சாப்பாட்டுத் தட்டில்..?

யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து எண்ணெய் காய்ச்சியவர், இட்லி ஊற்றியவர், வடை தட்டியவர், எல்லோருக்கும் பரிமாறியவர் எப்போது சாப்பிட்டார்? பத்தரை, பதினோரு மணிக்கு, ஆறிப்போன இரண்டு இட்லி, பாத்திரத்தில் ஒட்டியிருந்த சட்னி, அதுவும் நின்றபடியே. 'எனக்கு எண்ணெய் வாசனையிலேயே வயிறு நிறைஞ்சிடுச்சு' என்று ஒரு சமாதானம் வேறு!

இது ஒரு நாள் கதையாக இருந்தால் பரவாயில்லை. தினமும் நடக்கிறது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, பாதிக்கும் மேல்! மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம், வயிற்றுப் பூச்சி, சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. கீரையும் பயறும் முட்டையும் மற்றவர்கள் தட்டுக்குப் போன பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கமும் அதில் ஒன்று.

அதனால் நம்முடைய தாம்பாளத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். சமைத்தவருக்கு உரிய பங்கை முதலில் எண்ணி வைக்க வேண்டும். வடிவமும் நிறமும் அலங்காரமும் அதற்கு அப்புறம்தான்.

தாம்பாளத்தின் கணக்கு

நம் அர்த்தநாரியைப் போலத் தாம்பாளத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அம்மன் பாதி, பச்சை நிறம். வலப்பக்கம் ஐயன் பாதி, சிவப்பு நிறம். நடுவில் லேகியக் கிண்ணம்.

இதில் ஒரு ஆரோக்கியக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தட்டில் சுமார் பாதியைக் காய், கீரை, பழங்களே நிரப்ப வேண்டும் என்கிறது. நம் வீட்டுப் பண்டிகைத் தட்டில் அந்தப் பாதியை எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் பிடித்துக்கொள்கின்றன. அதைத்தான் மாற்றப் போகிறோம்.

ஆறு பேருக்கு (தாத்தா, ஆயா, அப்பா, அம்மா, பெண், மாப்பிள்ளை) தேவையானவை:

இடப்பாதி: கீரை இட்லி 12, முளைப்பயறு சுண்டல், கொத்தமல்லி - புதினா சட்னி, கொய்யாத் துண்டுகள்.

வலப்பாதி: பீட்ரூட் இட்லி 12, மல்லாட்டை சட்னி, மாதுளை முத்துக்கள், ஆளுக்கு ஒரு வடை, ஆளுக்கு ஒரு அதிரசம். சாப்பிடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு அவித்த முட்டை.

இரண்டு நிற இட்லி

இட்லி அரிசி 2 டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் அரை ஸ்பூன். வழக்கம்போல ஊறவைத்து, முந்தின நாள் மாலையே அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து வையுங்கள். ஐப்பசி மழைக் குளிரில் மாவு பொங்க நேரமாகும். ஆகவே 'ராத்திரி அரைச்சாப் போதும்' என்று இருந்துவிடாதீர்கள். காலையில் மாவை இரண்டு பாத்திரத்தில் சரிபாதியாகப் பிரியுங்கள்.

பச்சைக்கு: இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெயில் சுருள வதக்கி, ஒரு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம் சேர்த்து விழுதாக அரைத்து ஒரு பாதியில் கலக்குங்கள். வதக்காமல் பச்சையாக அரைத்தால் கசப்புத் தட்டும்.

சிவப்புக்கு: ஒரு சின்ன பீட்ரூட்டைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து மறுபாதியில் கலக்குங்கள். வடிகட்ட வேண்டாம், நார்ச்சத்து போய்விடும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மங்காமல் இருக்கும். விழுதுகளை ஊற்றப் போகும் சமயத்தில்தான் கலக்க வேண்டும். மாவு நீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதய வடிவம் வேண்டுமா? கடைக்குப் போய் அச்சு வாங்க வேண்டியதில்லை. விளிம்புள்ள தட்டில் எண்ணெய் தடவி, மாவை ஒரு விரல் கனத்துக்கு ஊற்றி ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் காம்பு கிள்ளிய சின்ன வெற்றிலையை மேலே வைத்து, அதன் ஓரமாகவே கத்தியால் வெட்டி எடுங்கள். அசல் இதயம்! பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று வெட்டி, இரண்டையும் நடுவில் நெட்டுவாக்கில் பிளந்து, பச்சைப் பாதியையும் சிவப்புப் பாதியையும் ஒட்டி வைத்தால் அதுதான் ஜோடி இட்லி. புதுப் பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. (அம்மா - அப்பாவுக்கும், தாத்தா - ஆயாவுக்கும் ஒரு ஜோடி வெட்டுங்களேன். அவர்களும் ஒரு காலத்தில் தலை தீபாவளி கொண்டாடியவர்கள்தானே!) வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை வீணாக்காமல் மாலையில் தாளித்து இட்லி உப்புமா செய்துவிடலாம்.

முளைப்பயறு சுண்டல்

பச்சைப்பயறு ஒன்றரை டம்ளர். முந்தின நாள் காலையிலேயே ஊறவைத்து, மாலையில் வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் விடியும்போது வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஆவியில் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, துருவிய கேரட், ஒரு கைப்பிடி தேங்காய் சேர்த்து இறக்குங்கள். கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிய மறக்காதீர்கள். அது ருசிக்காக மட்டுமல்ல. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். தாம்பாளத்தில் கொய்யாவை வைத்ததும் அதற்காகத்தான். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி அதிகம், விலையும் குறைவு.

இரண்டு சட்னி

மல்லாட்டை சட்னிக்கு ஒரு டம்ளர் மல்லாட்டையை வறுத்துத் தோல் புடைத்து, காய்ந்த மிளகாய் நான்கு, பூண்டு இரண்டு பல், சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். பூஞ்சை பூத்த, சுருங்கிய, கசக்கும் கொட்டை ஒன்று தென்பட்டாலும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்ட கொட்டையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு ஈரலைப் பாதிக்கும். கொத்தமல்லி - புதினா சட்னி எப்படி அரைப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா என்ன!

வடையும் அதிரசமும்: ஒன்றே ஒன்று!

'பண்டிகை அன்னிக்குக்கூடக் கணக்குப் பார்க்கணுமா?' என்று கோபம் வரலாம். ஒரு சின்னக் கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போட்டு 50 சின்ன அதிரசம் சுட்டால், ஒரு அதிரசத்தில் 15 கிராம் வெல்லம். இரண்டு சாப்பிட்டால் 30 கிராம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன ஆலோசனை. 'வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே' என்ற வாதம் செல்லாது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெல்லமும் அதற்குத் தம்பிதான். லேகியத்திலும் வெல்லம் உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, போதும். மீதி எங்கே போகப் போகிறது? டப்பாவில்தானே இருக்கிறது!

வடையையும் அதிரசத்தையும் எண்ணெய் வடியச் செய்தித்தாளில் பரப்பாதீர்கள். அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே எச்சரித்திருக்கிறது. கம்பிச் சல்லடையோ வாழை இலையோ போதும். அடுப்படியிலேயே சுடச்சுட அழுத்தி வடித்து எடுங்கள்.

அடுக்கும் முறை

பெரிய தாம்பாளத்தைத் துலக்கி, தளிர் வாழை இலையை வட்டமாக நறுக்கிப் பரப்புங்கள். புளியோ எலுமிச்சையோ சேர்ந்த சட்னியும் சுண்டலும் பித்தளையில் நேரே படக்கூடாது, களிம்பு ஏறிவிடும். அவற்றை எவர்சில்வர் கிண்ணங்களில் வையுங்கள். நடுவில் இரண்டு வெற்றிலை, அதன் மேல் லேகியக் கிண்ணம். இடப்பக்கம் பச்சை இட்லியை வளைவாக அடுக்கி, உள்ளே சுண்டல், ஓரத்தில் கொய்யா. வலப்பக்கம் சிவப்பு இட்லி, உள்ளே மாதுளை, ஓரத்தில் வடையும் அதிரசமும். நீளமான திராட்சை கிடைத்தால் குறுக்கே சாய்வாக வெட்டி, ஒரு பாதியைத் திருப்பி ஒட்டிப் பாருங்கள், குட்டி இதயம் வரும்! பார்டராக நாலு செம்பருத்தியோ சாமந்தியோ வைக்க ஆசை என்றால் தாம்பாளத்துக்கு வெளியே வையுங்கள். பூச்சி மருந்து அடித்த பூ சாப்பாட்டில் படவேண்டாம்.

கூடத்தில் கோரைப் பாயை விரித்து, நடுவில் தாம்பாளம், சுற்றிலும் ஆளுக்கு ஒரு இலை. கால் மடக்க முடியாத தாத்தா, ஆயாவுக்கு நாற்காலி போட்டு, சின்ன மேஜையில் இலை வையுங்கள்.

நேரமும் வேலையும்

3 நாள் முன்பு: அதிரசப் பாகு, லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் இடித்துச் சலிப்பது அப்பாவின் வேலை.

முந்தின நாள்: காலையில் பயறு ஊறவைத்தல், மாலையில் மாவு அரைத்தல், இரவே கீரை ஆய்ந்து வைத்தல். டி.வி. பார்த்துக்கொண்டே எல்லோரும் ஆயலாம்.

அன்று 4 மணி: எண்ணெய்க் குளியல். சுண்டைக்காய் அளவு லேகியம்.

5 மணி: இட்லி ஊற்றுதல், சட்னி அரைத்தல். புதுப் பெண்ணும் அம்மாவும்.

6 முதல் 7 வரை: பட்டாசு. 2018 முதல் தமிழக அரசு தீபாவளியன்று காலையில் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் அறிவித்து வருகிறது. இதற்குள் அம்மா வடை சுட்டு முடித்துவிடலாம்.

7 மணி: எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவுதல். மருந்துக் கையோடு இட்லியைத் தொடக்கூடாது! பழம் நறுக்குவதும் தாம்பாளம் அடுக்குவதும் மாப்பிள்ளையும் மச்சானும்.

'ஐயையோ, மாப்பிள்ளையைப் போய் வேலை வாங்குவதா?' என்று பதறாதீர்கள். கொய்யா நறுக்கினால் கௌரவம் குறைந்துவிடாது. மாமியார் மனசில் ஒரு படி உயர்ந்துதான் நிற்பார்!

7.15: எல்லோரும் பாயில். அடுப்பு அணைந்திருக்க வேண்டும். முதல் இலை அம்மாவுக்கு. பரிமாறுவது யார்? யாருமில்லை. தாம்பாளம் நடுவில் இருக்கிறதே, அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பலகைத் தாம்பாளத்தின் பெரிய சௌகரியமே இதுதான்.

காபி, டீ? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. கூடவே குடித்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்தை அது தடுத்துவிடும்.

கவனிக்க வேண்டியவர்கள்

புதுப் பெண்: குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகளைத் தவிர்க்க அது உதவும். டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் உண்டு. ஆனால் அது மாத்திரைக்கு மாற்று அல்ல.

சர்க்கரை உள்ளவர்கள்: மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு 'எல்லோரும் வரட்டும்' என்று பட்டினியாகக் காத்திருக்க வேண்டாம். சுண்டலும் கீரை இட்லியும் முதலில், அதிரசத்தில் பாதி கடைசியில்.

நோன்பு இருப்பவர்கள்: அமாவாசை சில வருடம் தீபாவளியன்றே வரும், சில வருடம் மறுநாள் வரும். அன்றே வந்தால், மற்றவர்களுக்குக் காலையில் எளிமையாக இட்லி கொடுத்துவிட்டு, நோன்பு எடுத்து முடித்த பிறகு தாம்பாளத்தை வையுங்கள். பாதிப் பேர் சாப்பிட்டுப் பாதிப் பேர் பட்டினி கிடந்தால், அதற்குப் பெயர் சரிபாதியா? கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி விரதம் இருக்கவேண்டாம்.

கறிக்குழம்பு வைக்கும் வீடுகள்: தனிக் கிண்ணத்தில் வையுங்கள். எலும்பும் ஈரலும் வீட்டு ஆண்களுக்கு என்று ஒதுக்காமல் பெண்கள் இலைக்கும் வரட்டும். கறியிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, வைட்டமின் ஏ அதில் மிக அதிகம்.

அம்மா: படியேறினால் மூச்சு வாங்குகிறதா? எப்போதும் களைப்பா? கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஒரு நாள் கீரை இட்லி அதைக் குணப்படுத்தாது. டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை முழுசாகச் சாப்பிட வேண்டும்.

தலை தீபாவளி ஒரு தடவைதான் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாராவாரம் வருகிறது. கல்யாண நாளும் வருடா வருடம் வருகிறது. சாதா இட்லி, ஒரு சட்னி, நாலு கொய்யாத் துண்டு போதும். தாம்பாளத்தை நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். மாப்பிள்ளைகளே, உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பட்டுப்புடவையை உங்கள் மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். சூடான முதல் இட்லியை உங்கள் மனைவியின் இலையில் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு!